கடற்கரைக்கு எதற்கு முழுக்கைச் சட்டை?

கேள்வி இதுதான்: "1950, 60களில் எடுத்த குடும்பப் படங்களைப் பார்த்தால் கடற்கரையில்கூட ஆண்கள் முழுக்கைச் சட்டை, பேன்ட், ஷூ என்று கல்யாண வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி நிற்கிறார்கள். இன்று பனியனும் அரைக்கால் சட்டையுமாகப் போகிறோம். ஆண்களின் உடைத் தரம் இறங்கிவிட்டதா?"

இறங்கவில்லை என்பதுதான் என் பதில். அந்த உடை கடலுக்காகப் போட்டது அல்ல, கேமராவுக்காகப் போட்டது. எங்களைப் போன்ற சில குடும்பங்களில் அதையும் தாண்டி ஒரு காரணம் இருந்தது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் கேமராவை முடித்துவிடுகிறேன். அப்போது படம் எடுப்பது செலவு. சாதாரண வீடுகளில் கேமரா கிடையாது, யாரிடமாவது இரவல் வாங்க வேண்டும். அறுபது எழுபதுகளில் நம் ஊரில் நிறையப் புழங்கிய ஆக்ஃபா கிளிக் 3 கேமராவில் ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு படம்தான் விழும். வெயில் முகத்தில் அடிக்கும்படி ஆட்களை நிறுத்துவார்கள். பழைய படங்களில் எல்லாரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்பது அதனால்தான். பன்னிரண்டில் ஒன்றில் இடம் கிடைத்தால் யாராக இருந்தாலும் இருப்பதிலேயே நல்ல துணியைத்தான் போட்டுக்கொள்வார்கள். ஆடி அமாவாசைக்கு ராமேஸ்வரம் அக்னி தீர்த்தத்தில் வேட்டியை வரிந்துகட்டி வெற்று மார்போடு முங்கி எழுந்தவர்களும் இதே ஆட்கள்தான். ஈரத் துணியோடு யாரும் படத்துக்கு நிற்கவில்லை, அவ்வளவுதான். படத்தை மட்டும் வைத்து "அந்தக் காலத்து ஆட்கள் எப்போதும் டிப்டாப்" என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

இங்கிலாந்திலும் இதே கதை உண்டு. லங்காஷயர் பஞ்சாலைகள் வருடத்தில் ஒரு வாரம் மூடும்போது தொழிலாளர்கள் குடும்பத்தோடு பிளாக்பூல் கடற்கரைக்குப் போவார்கள். அந்தப் படங்களிலும் கோட், டை, தொப்பியோடு மணலில் உட்கார்ந்திருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போடும் அந்த ஒரு செட்தான் அவர்களிடம் இருந்த நல்ல துணி. அமெரிக்காவில் 1930களில்கூட ஆண்கள் சட்டையில்லாமல் கடற்கரையில் நிற்பதைச் சில ஊர்கள் தடை செய்திருந்தன. அங்கே மூடிய உடம்பு கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தது. நம் பக்கம் கதை நேர் எதிர். வெற்று மார்பும் தோளில் துண்டும் பெரிய மனிதர்களுக்கே மரியாதையான உடையாக இருந்த ஊர் இது. சட்டைதான் பின்னால் வந்தது. அதுவும் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் வரவில்லை.

எங்கள் வீட்டுப் படம் ஒன்று இருக்கிறது. மெரினா, 1962. என் அப்பாவின் அப்பா பெரம்பூர் ஐசிஎஃப்பில் ஃபிட்டர். 1955இல் நேரு திறந்துவைத்த அந்த ரயில் பெட்டித் தொழிற்சாலையில் ஆரம்ப வருடங்களிலேயே வேலைக்குச் சேர்ந்தவர். தினமும் காக்கிதான். படத்தில் கஞ்சி போட்ட வெள்ளை முழுக்கைச் சட்டை, கழுத்துப் பட்டன்வரை பூட்டியிருக்கிறார். சட்டைப் பையில் பேனா. காலில் கறுப்பு ஷூ, அதன் நுனியில் ஈர மணல் ஒட்டியிருப்பதுகூடத் தெரிகிறது. தலைமுடி கிராப் வெட்டியது. மேகமே இல்லாத வானத்தின் கீழ் கையில் மடித்த குடை. பக்கத்தில் அப்பத்தா, ரவிக்கை, தலை நிறையப் பூ.

சின்ன வயதில் அந்தக் குடையைப் பார்த்து நாங்கள் சிரிப்போம். அப்பத்தா மட்டும் சிரிக்க மாட்டார். "அது சும்மா பிடிச்ச குடை இல்ல" என்பார். விவரம் ரொம்பப் பின்னால்தான் புரிந்தது.

எங்கள் பூர்வீகம் முதுகுளத்தூர் பக்கம், ஊருக்கு வெளியே இருக்கும் தெரு. 1930 டிசம்பரில் அன்றைய ராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குத் தலைமை வகித்த ஹட்டன் என்ற அதிகாரி அவற்றைத் தன் நூலில் பதிந்திருக்கிறார். தங்கம், வெள்ளி நகை போடக் கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழும் இடுப்புக்கு மேலும் துணி உடுத்தக் கூடாது. கோட், சட்டை, பனியன் போடக் கூடாது. முடியைக் கிராப் வெட்டிக்கொள்ளக் கூடாது. வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் புழங்கக் கூடாது. பெண்கள் ரவிக்கையோ தாவணியோ கொண்டு மேலுடம்பை மூடக் கூடாது. பூவோ மஞ்சளோ வைத்துக்கொள்ளக் கூடாது. வெயிலுக்கும் மழைக்கும் ஆண்கள் குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது. மீறியவர்களின் குடிசைகளைக் கொளுத்தினார்கள், தானியக் குதிர்களை அழித்தார்கள், ஆடுமாடுகளைக் கொள்ளையடித்தார்கள்.

அந்தப் பட்டியலை முதன்முதலாகப் படித்தபோது படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். சட்டை, கிராப், குடை, காலணி, ரவிக்கை, பூ. ஒவ்வொன்றும் படத்தில் இருக்கிறது. தடை வந்தபோது தாத்தாவுக்கு எட்டு வயது. அவருடைய அப்பா கடைசிவரை சட்டை போட்டதில்லை என்று அப்பத்தா சொல்லியிருக்கிறார். முப்பது சொச்சம் வருடம் கழித்து, பட்டணத்தில், பட்டப்பகலில், ஆயிரம் பேர் நடமாடும் இடத்தில் அந்த மனிதர் கழுத்துவரை பட்டன் பூட்டி நிற்கிறார். இதைப் பார்த்து "கடற்கரைக்குப் பொருந்தாத உடை" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

1921 செப்டம்பரில் மதுரையில் காந்தி சட்டையைத் துறந்து அரையாடைக்கு மாறினார். அது பெரிய முடிவு, மதிக்கிறேன். ஆனால் துறப்பதற்கு முதலில் கையில் இருக்க வேண்டும். அம்பேத்கர் ஏன் கோட்டும் டையுமாகவே நின்றார் என்பது எங்கள் வீட்டில் யாருக்கும் விளக்க வேண்டியிராத விஷயம்.

அந்தப் படத்தில் இன்னும் இரண்டு ஆட்கள் உண்டு என்று சொல்ல வேண்டும். தாத்தாவின் தோளுக்குப் பின்னால் தெரிவது உழைப்பாளர் சிலை. தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்தது, 1959இல் வைத்தார்கள். பாறையைப் புரட்டும் நான்கு உழைப்பாளிகள், இடுப்பில் ஒரு துண்டுத் துணி மட்டும். சிற்பிக்கு உழைக்கும் உடம்பின் நரம்பும் தசையும் தெரிய வேண்டியிருந்தது, சிலை அற்புதமானதுதான். முன்னால் நிற்கும் நிஜ உழைப்பாளிக்கோ அந்த உடம்பைக் காட்ட விருப்பமில்லை, சட்டையைக் காட்டத்தான் விருப்பம். இன்னொருவர் படத்தின் ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டு நிற்கும் மீனவர், கோவணத்தோடு, தோளில் கயிற்றோடு. அவருக்குக் கடற்கரை வேலை செய்யும் இடம். நம் கடற்கரைப் படங்களில் இந்த ஆட்கள் எப்போதும் ஓரத்தில்தான் இருக்கிறார்கள். அந்தக் காலத்து ஆண்களின் உடை என்று பேசும்போது அவர்களையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

அடுத்த தலைமுறைப் படங்களில் டெரிகாட்டனும் பெல்பாட்டமும் வந்துவிடுகின்றன. 1975இல் அதே மெரினாவில் சித்தப்பா, காதை மூடிய முடி, நாய்க்காது காலர், மேலே இரண்டு பட்டன் திறந்து. அந்தப் படம் எடுத்த அன்று தாத்தா சத்தம் போட்டாராம்: "பட்டனைப் போடுடா! சட்டை இருந்தும் இல்லாதவன் மாதிரி நிக்கிறதுக்கா உன்னை மெட்ராஸ்ல படிக்க வச்சேன்?" பெல்பாட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லையாம். அவருக்குக் கணக்கு வேறு. சித்தப்பா பட்டனைப் போடவும் இல்லை.

இப்போது என் தம்பி பிள்ளைகள் கோவளத்தில் அரைக்கால் சட்டையோடு அலைச்சறுக்குப் பலகையைத் தூக்கிக்கொண்டு வெற்று மார்போடு படம் எடுக்கிறார்கள். பார்க்க எனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. அவர்கள் சட்டையைக் கழற்றுவது அவர்களே எடுக்கும் முடிவு. இதைத் தரம் இறங்கியது என்று நான் எப்படிச் சொல்ல முடியும்? அதே சமயம், ஜீன்ஸும் கூலிங் கிளாஸும் போட்டதற்காகப் பட்டியல் சாதிப் பையன்களை அடித்த செய்தி இன்னமும் எங்காவது ஓர் ஊரிலிருந்து வந்துகொண்டுதான் இருக்கிறது. வேட்டியும் தப்பவில்லை. 2014இல் வேட்டி கட்டிப் போன உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரைச் சென்னையில் ஒரு கிளப் உள்ளே விடவில்லை, அதற்குப் பிறகு தமிழக அரசு சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. எது நல்ல உடை என்பதை யார் தீர்மானிக்கிறார்கள் என்ற சண்டை ஓயவில்லை.

சரி, உங்கள் வீட்டுப் படத்துக்கு வருவோம். சட்டையை மட்டும் பார்க்காதீர்கள். காலைப் பாருங்கள், சட்டைப் பையைப் பாருங்கள், கையில் என்ன பிடித்திருக்கிறார் என்று பாருங்கள். அந்தச் சட்டை சொந்தமா இரவலா, எங்கே தைத்தது, அவருக்கு முன்னால் வீட்டில் சட்டை போட்டவர் யார் என்று பெரியவர்களிடம் இப்போதே கேட்டு எழுதி வையுங்கள். படத்தை ஸ்கேன் பண்ணும்போது பின்பக்கத்தையும் சேர்த்து எடுங்கள். எங்கள் படத்தின் பின்னால் தாத்தா தன் கையெழுத்தில் தேதியையும், கேமரா இரவல் கொடுத்த நண்பர் தொழிற்சாலையில் எந்த ஷாப்பில், அதாவது எந்தப் பிரிவில், வேலை பார்த்தார் என்பதையும் குறித்து வைத்திருக்கிறார். அதை வைத்துத்தான் வருடத்தையே என்னால் உறுதியாகச் சொல்ல முடிந்தது.