தாத்தா பக்குவமும் தம்பியின் பிளாட்டும்

கேள்வி: எங்கள் தாத்தா ஆரம்பித்த மிட்டாய்க் கடையை இப்போது அப்பா நடத்துகிறார். கணக்கு, கொள்முதல், ஜிஎஸ்டி எல்லாம் பல வருடங்களாக நான்தான் பார்க்கிறேன். சர்க்கரை குறைத்த வகை, சின்ன பாக்கெட், ஆன்லைன் விற்பனை என்று எதைச் சொன்னாலும் "தாத்தா பக்குவத்தில் கை வைக்காதே" என்கிறார் அப்பா. தம்பிக்குக் கடையில் ஈடுபாடு இல்லை. ஆனாலும் கடை அவனுக்குத்தான் என்று வீட்டில் பேசி முடித்துவிட்டார்கள். அவனோ கடைக் கட்டடத்தை வங்கியில் அடமானம் வைத்து பிளாட் (வீட்டு மனை) வாங்கிப் போடலாம் என்கிறான். ஜப்பானில் ஒரே குடும்பம் ஐந்நூறு வருடம்கூட ஒரே தொழிலை நடத்துகிறதாமே! அவர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள்? அப்பாவிடம் நான் என்ன பேசுவது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புச் சகோதரி,

நீங்கள் மிட்டாய்க் கடைக்காரர் என்பதால் ஜப்பானின் மிட்டாய்க் கடை ஒன்றிலிருந்தே தொடங்குகிறேன். பெயர் டோராயா. பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அப்போதைய தலைநகரான கியோத்தோவில் பிறந்த கடை. கோ-யோசெய் பேரரசர் காலத்திலிருந்து, அதாவது 1586-1611 வாக்கிலிருந்து, அரண்மனைக்குப் பலகாரம் கொடுத்து வருகிறது. இன்றும் குரோகாவா குடும்பத்தின் கையில்தான் இருக்கிறது. அவர்களுடைய பேர்போன சரக்கு யோகான். அசுகி என்ற சின்னச் சிவப்புப் பயறை வேகவைத்து மசித்து, சர்க்கரையும் கடல்பாசியும் சேர்த்துக் கிளறி, கட்டியாக உறையவிட்டுத் துண்டு போடுவார்கள்.

இந்தக் கடைக்கு எழுதி வைத்த குடும்ப விதிகள் உண்டு. ஏற்கெனவே இருந்த பழைய விதிகளை 1805-ல் ஒன்பதாம் தலைமுறைக்காரர் திருத்தி எழுதினார். பலகாரம் செய்பவர்கள் அடிக்கடி கையையும் வாயையும் கழுவ வேண்டும். பெண்களோ குழந்தைகளோ யாருக்காகவோ வாங்க வந்தாலும் மரியாதையாகப் பேச வேண்டும், கேலி கூடாது. அரண்மனை ஆளோ தெருவில் போகிறவரோ, கவனிப்பு ஒன்றுதான். எனக்கு மிகவும் பிடித்தது இன்னொன்று: சிக்கனமாக இருக்க வேண்டும், நல்ல யோசனை தோன்றினால் அவரவர் எழுதிக் கொடுக்க வேண்டும். இருநூறு வருடங்களுக்கு முன்பே வேலை செய்கிறவர்களிடம் யோசனை கேட்டு வாங்கியிருக்கிறார்கள்! உங்கள் அப்பாவிடம் முதலில் இதைத்தான் சொல்ல வேண்டும். புதுசாக ஒன்றைச் சொல்வது பெரியவர்களை மீறுவது ஆகாது; அந்தக் கடையில் பெரியவர்களே அதை விதியாக எழுதி வைத்தார்கள்.

1869-ல் பேரரசர் டோக்கியோவுக்குக் குடிபெயர்ந்தபோது டோராயாவும் அங்கே போனது. கியோத்தோ கடையை மூடவில்லை. 1980-ல் பாரிஸில் கடை திறந்தார்கள். 2003-ல் டோக்கியோவின் ரோப்போங்கி ஹில்ஸில் 'டோராயா கஃபே' வந்தது. அங்கே அசுகிப் பயறையும் கொக்கோவையும் சேர்த்து கேக் போட்டார்கள். ஒன்றைக் கவனியுங்கள். கொக்கோ கேக்குக்குத் தனி இடம், தனிப் பெயர்ப்பலகை. பழைய கடைக்கு வழக்கமாக வருகிறவருக்கு அவருடைய யோகான் அங்கேயே இருக்கிறது.

பதினேழாம் தலைமுறைக்காரர் மிட்சுஹிரோ குரோகாவா இதைப் பற்றி வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். வாடிக்கையாளர்மேல் உள்ள நன்றியுணர்வு மட்டும்தான் மாறக்கூடாது, மற்ற எதுவும் மாறலாம் என்பது அவர் நிலை. அந்த 'மற்ற எதுவும்' என்பதில் ருசியும் அடக்கம். அவர் வாய்ப்பேச்சுக்குச் சொல்லவில்லை என்பதை 2015-ல் பார்த்தோம். டோக்கியோ அகாசாகாவில் இருந்த தலைமைக் கடையை இடித்துக் கட்டுவதற்காக மூடினார்கள். அப்போது அவர் வாடிக்கையாளர்களுக்கு எழுதிய கடிதத்தில் நினைவுகூர்ந்தது மனிதர்களைத்தான். மூன்று நாளைக்கு ஒருமுறையாவது வந்து தவறாமல் இனிப்புப் பயறுக் கஞ்சி சாப்பிடும் ஒருவர். தினமும்போல வீட்டாரோடு வந்து சின்ன யோகான் ஒன்றே ஒன்று வாங்கும் மழலையர் பள்ளிப் பிள்ளை. ஒருநாள் அந்தப் பிள்ளை தனியாக வந்துவிட்டதாம். பதறிப்போன கடை ஊழியர் வெளியே ஓடிப் பார்த்தால், அம்மா மறைந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாராம். கடை மூடும் நேரத்தில் ஒரு முதலாளிக்கு இது நினைவில் இருக்கிறதென்றால், அந்தக் குடும்பம் எதைக் காப்பாற்றி வந்திருக்கிறது என்பது புரிகிறது இல்லையா? 2018-ல் அந்தக் கடை மறுபடி திறந்தது.

சரி, அடுத்தது யாருடைய கடை என்ற கேள்வி. இதில் ஜப்பான் குடும்பங்கள் நம்மைவிடக் கறார். 1917-ல் நோடா ஊரின் மோகி, தகானாஷி முதலிய குடும்பங்கள் சோயா சாஸ் தொழிலை ஒன்றாக்கின. இன்றைய கிக்கோமன் அதுதான். அங்கே ஒரு குடும்பத்திலிருந்து ஒரு தலைமுறைக்கு ஒருவர்தான் நிறுவனத்தில் சேரலாம் என்று வரம்பு வைத்தார்கள். சேர்ந்தாலும் மேலே வருவது அவரவர் திறமை. மகன் சரிப்படவில்லை, அல்லது மகனே இல்லை என்றால் திறமையான மருமகனைத் தத்தெடுத்துக் குடும்பப் பெயரையும் கொடுத்துவிடுவார்கள். நகரத்தார் வீடுகளில் பிள்ளை கூட்டும், அதாவது வாரிசாகத் தத்தெடுக்கும், வழக்கம் தெரிந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். மாருதி கார் மூலம் நாம் எல்லோரும் அறிந்த ஒசாமு சுசுகி, பிறக்கும்போது மட்சுதா குடும்பத்துப் பிள்ளை. வங்கி வேலையில் இருந்தவர். சுசுகி வீட்டில் பெண் எடுத்து அந்தப் பெயரை ஏற்று, 1978-ல் தலைவரானார். 1982-ல் நம் அரசோடு ஒப்பந்தம் போட்டதும் அவர் காலத்தில்தான். அவருடைய மாமனார் ஷுன்சோவும் இப்படி மருமகனாக வந்து தலைவரானவரே.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். இந்த ஏற்பாட்டில் மகள் பெரும்பாலும் பாலம்தான், பொறுப்பு அவள் கணவனுக்குப் போகும். இதில் ஜப்பானைப் பார்த்து நடக்க வேண்டியதில்லை. விதிவிலக்கு அங்கேயும் உண்டு. ஒசாகாவில் கொங்கோ கூமி என்ற கோயில் கட்டும் குடும்பம், தன் தொழில் 578-ஆம் ஆண்டில் தொடங்கியதாகச் சொல்கிறது. 1930-களில் அதன் 37-ஆவது தலைவர் தொழில் நொடித்து இறந்தபின் அவர் மனைவி யோஷியே பொறுப்பேற்றார். 1934 புயலில் ஷிட்டென்னோஜி கோயிலின் ஐந்தடுக்குக் கோபுரம் சாய்ந்தது. அதைத் திரும்பக் கட்டியது அவர் தலைமையில்தான். உங்கள் அப்பாவிடம் இந்தப் பெண்மணியைப் பற்றியும் சொல்லுங்கள். வருடக்கணக்காகக் கல்லாவையும் கொள்முதலையும் அறிந்தவர் நீங்கள். வாரிசு யார் என்பது பேசி முடிந்த விஷயம் அல்ல, மறுபடி பேச வேண்டிய விஷயம்.

இதே கொங்கோ கூமியின் பிற்காலக் கதைதான் உங்கள் தம்பிக்கு. 1980-களில் ஜப்பானில் நிலவிலை தாறுமாறாக ஏறியபோது இவர்களும் கடன் வாங்கி மனைகளில் பணத்தைப் போட்டார்கள். விலை சரிந்தது, கடன் நின்றது. கோயில் கட்டும் வேலையும் குறைந்துபோன நிலையில் வட்டி தாங்க முடியவில்லை. 2006-ல் தொழில் தகாமட்சு என்ற கட்டுமான நிறுவனத்தின் கைக்குப் போனது. பெயர் இருக்கிறது, தச்சர்கள் இருக்கிறார்கள், இன்றும் கோயில் கட்டுகிறார்கள். ஆனால் 1,400 வருடங்களுக்கு மேல் குடும்பத்திடம் இருந்த உரிமை போய்விட்டது. உள்நாட்டுச் சண்டைகளையும் உலகப் போரையும் தாண்டி வந்தவர்களைக் கவிழ்த்ததில் மனைக் கடனுக்குப் பெரிய பங்கு உண்டு, சகோதரி.

இனி அப்பாவிடம் பேசும் விதம். "மாற்றலாமா?" என்று ஆரம்பிக்காதீர்கள். "தாத்தா எதை விட்டுக்கொடுக்கவே மாட்டார்?" என்று கேளுங்கள். அவர் சொல்லச் சொல்ல ஒரு நோட்டில் எழுதுங்கள். பாகுப் பதம் வரும், நல்ல வெல்லம் வரும், பழைய எண்ணெயைத் தொடக்கூடாது என்பது வரும், கடன் சொல்லி வாங்குகிறவரை அவமானப்படுத்தக்கூடாது என்பதும் வரலாம். எழுதி முடித்ததும் இருவருமாகப் படித்துப் பாருங்கள். சின்ன பாக்கெட்டும் ஆன்லைனும் அந்தப் பட்டியலில் எதையும் மீறாது. சர்க்கரை குறைத்த வகை மட்டும் அப்பாவை உறுத்தும். அதை வேறு பெயரில், வேறு டப்பாவில், கடையின் ஓர் ஓரத்தில் விற்க அனுமதி கேளுங்கள்; முதல் பாகை அவரையே காய்ச்சச் சொல்லுங்கள். கடையில் வேலை பார்க்கும் சரக்கு மாஸ்டரையும் உட்கார வைத்துக் கேளுங்கள். அவருக்குத் தெரிந்தது உங்கள் இருவருக்கும் தெரியாமல் இருக்கும்.

தம்பியோடு பகைக்க வேண்டாம். கடையில் நாட்டமில்லாதவனைக் கல்லாவில் கட்டிப்போடுவது அவனுக்கும் நல்லதல்ல. அவனுக்குச் சேர வேண்டிய பங்கைக் கடையின் லாபத்திலிருந்து வருடா வருடம் கொடுக்கும்படி ஒரு வக்கீலை வைத்து எழுதிக்கொள்ளுங்கள். அவனுக்கு மனை வாங்க ஆசை என்றால் அந்தப் பணத்தில் வாங்கட்டும். கடைப் பத்திரம் மட்டும் வங்கிக்குப் போகக்கூடாது. அதற்கு யார் கையெழுத்து கேட்டாலும், அப்பாவே கேட்டாலும், போடாதீர்கள்.