அப்பாவுக்கு ஸ்பைரோமெட்ரி: கண் ஆபரேஷன் ஆன கையோடு போகலாமா?

தம்பி, டர்பன் மியர்பேங்கில் இருக்கும் உங்கள் அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன் ஆகி நாலு நாள். நாளை மறுநாள் ஸ்பைரோமெட்ரி, அதாவது மூச்சு ஊதும் பரிசோதனை. முன்பு காசநோய் வந்து குணமானவர். போகலாமா என்று கேட்கிறீர்கள்.

தேதியைத் தள்ளிவைக்கச் சொல்லுங்கள். முழு பலத்தோடு ஊதும்போது கண்ணுக்குள் அழுத்தம் ஏறும். 2019 அமெரிக்க, ஐரோப்பிய வழிகாட்டுதலில் கண் அறுவைக்குப் பின் ஒரு வாரம் எச்சரிக்கைக் காலம். மாரடைப்புக்கும் ஒரு வாரம். நெஞ்சு, வயிறு, மூளை ஆபரேஷன் என்றால் 4 வாரம். கண் டாக்டரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

பழைய காசநோய் தடையில்லை. ஆனால் புதிதாக இருமல், இரவு வியர்வை, எடைக் குறைவு இருந்தால் முதலில் சளியைச் சோதிக்க வேண்டும். சளியில் ரத்தம் வந்தால் ஊதவே கூடாது, உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.

டர்பனில் என் மாமாவுக்குச் செய்தபோது பாதியிலேயே "முடிந்தது" என்று நிறுத்திவிடுவார், பிடிவாதக்காரர்! காற்று தீர்ந்தது போலத் தோன்றினாலும் சொல்லும்வரை விடாமல் ஊத வேண்டும், சில சமயம் 15 வினாடி வரை. சரியான ஊதல் குறைந்தது மூன்று தேவை. நன்றாகப் பொருந்தும் பல்செட்டைக் கழற்ற வேண்டாம், உதடு இறுக மூட அது உதவும்.

அப்புறம் பம்ப், அதாவது மூச்சுக்கு உறிஞ்சும் மருந்து (இன்ஹேலர்). எத்தனை மணி நேரம் முன்பு நிறுத்துவது என்று கிளினிக்கில் கேளுங்கள். சால்பியூட்டமால் என்றால் பொதுவாக 4 முதல் 6 மணி. மூச்சு முட்டினால் தயங்காமல் எடுக்கட்டும், எடுத்ததை அங்கே சொன்னால் போதும்.

கூன் இருந்தால் உயரத்துக்குப் பதில் கைவிரிப்பை அளக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் உயரத்தை வைத்துப் போடும் கணக்கு தப்பும்.