67 நாள் ஆகியும் மனைவி முகர்ந்து பார்க்கிறாள்

கேள்வி: தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறேன். வயது 41, ஜேக்கப்ஸ் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை. புரட்டாசி விரதத்தோடு குடியை விட்டேன். தீபாவளியும் போயிற்று, இன்றோடு 67 நாள். ஆனாலும் வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவி பக்கத்தில் வந்து முகர்ந்து பார்க்கிறாள். சம்பளத்தையும் வாங்கி வைத்துக்கொள்கிறாள். மச்சான் வீட்டில் சனிக்கிழமை பிராய்க்கு (கரியில் கறி சுட்டுச் சாப்பிடும் விருந்துக்கு) போகாவிட்டால் அவருக்குக் கோபம். நான் போகும் ஏ.ஏ. (குடியை விட்டவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடுகிற அமைப்பு) கூட்டத்துக்கு ஒரு பெண்ணும் வருகிறார். இரவில் அவரோடு வாட்ஸாப்பில் பேசினால்தான் மனசு அடங்குகிறது. தப்பாக ஒன்றும் இல்லை, மனைவியிடம் சொல்லவில்லை. நான் செய்வது சரியா, அக்கா?

பதில்: அன்புள்ள தம்பி,

டர்பனில் புரட்டாசிக்கும் காவடிக்கும் குடியை நிறுத்துகிற ஆண்கள் நிறையப் பேர். விரதம் முடிந்த மறுநாளே பாட்டிலைத் திறக்கிறவர்களும் அவர்களில் உண்டு. விரதத்துக்கு ஒரு கடைசி நாள் இருப்பதால் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடலாம். நீங்கள் அந்தக் கடைசி நாளையும் தாண்டி வந்திருக்கிறீர்கள். அதற்கு முதலில் என் மனமார்ந்த வாழ்த்து. இனிமேல் பல்லைக் கடிப்பது மட்டும் போதாது, பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதும் முக்கியம். உங்கள் கேள்வியும் அதைப் பற்றித்தான்.

என் அப்பாவும் குடித்தவர். அவர் கேட்டைத் திறக்கிற சத்தத்தை வைத்தே அம்மாவுக்குத் தெரிந்துவிடும். தாழ்ப்பாள் ஒரே தரத்தில் விழுந்தால் சோறு எடுத்து வைப்பார். இரண்டு மூன்று தரம் தடுமாறினால் எங்களைப் பின்னறைக்கு அனுப்பிவிடுவார். அப்பா குடியை விட்டு ஒரு வருஷம் ஆன பிறகும், கேட் சத்தம் கேட்டால் அம்மாவின் கை கரண்டியோடு அப்படியே நின்றுவிடும். அப்பாவை நம்பக்கூடாது என்று அவர் நினைக்கவில்லை. அவர் உடம்பு அப்படிப் பழகியிருந்தது. உங்கள் மனைவி முகர்ந்து பார்ப்பதும் எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது.

ஆகையால் ‘இன்னுமா நம்பவில்லை?’ என்று கேட்காதீர்கள். சத்தியமும் வேண்டாம், அதையெல்லாம் அவர் எத்தனையோ தரம் கேட்டிருப்பார். ஐந்தேகாலுக்கு வருகிறேன் என்றால் ஐந்தேகாலுக்கு வாருங்கள். தாமதமாகும் என்று தெரிந்த உடனே போன் செய்யுங்கள், வந்து சேர்ந்த பிறகு காரணம் சொல்லாதீர்கள். இப்போதைக்குச் சம்பளம் அவர் கையில் இருப்பது உங்களுக்கும் நல்லது. முகர்வது அவமானமாக இருந்தால், சாப்பாடு முடிந்து வீடு அமைதியான ஒரு நேரத்தில் அதைச் சொல்லுங்கள். ‘வேறு என்ன செய்தால் உனக்கு நிம்மதியாக இருக்கும்?’ என்றும் கேளுங்கள். அவர் சொல்வதை வாதாடாமல் கேட்டுக்கொள்ளுங்கள். அவருக்கும் பேச ஆள் வேண்டும். குடிப்பவர்களின் குடும்பத்தாருக்காகவே 1951-இல் தொடங்கிய அல்-அனான் கூட்டங்கள் இருக்கின்றன. போகச் சொல்லி வற்புறுத்தாதீர்கள், தகவலை மட்டும் சொல்லி வையுங்கள்.

சரி, அந்தப் பெண். தப்பாக ஒன்றும் இல்லை என்கிறீர்கள், நம்புகிறேன். ஆனால் போனைத் திருப்பி வைக்கிறீர்கள், மனைவி அறைக்குள் வந்தால் பேச்சை நிறுத்துகிறீர்கள் என்றால், முன்பு பாட்டிலை ஒளித்து வைத்த அதே பழக்கம்தான் இதுவும். எனக்குப் பயமெல்லாம் அந்த ஒளிவின் மேல்தான். குடி போன இடம் வெறுமையாக இருக்கும். அங்கே யாராவது வந்து ‘உன்னைப் புரிகிறது’ என்றால் மனசு அப்படியே சாய்ந்துவிடும். அவரும் உங்களைப்போலவே தத்தளிக்கிறவர். ஒருவர் சறுக்கினால் மற்றவரையும் இழுத்துக்கொண்டு போகலாம். ஏ.ஏ.யில் வழிகாட்டியாக ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண் என்று வைத்துக்கொள்ளும் வழக்கம் இதனால்தான். நாலைந்து வருஷமாகக் குடிக்காமல் இருக்கிற ஒரு அண்ணனைக் கூட்டத்தில் பிடித்துக்கொள்ளுங்கள். இரவு பேச்சு அவரோடு இருக்கட்டும். அந்தப் பெண்ணிடம் மரியாதையாகச் சொல்லி, கூட்டத்தில் மட்டும் பேசுங்கள். மனைவியிடமும் நீங்களே சொல்லிவிடுங்கள், அவர் கண்டுபிடிக்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

ஆசை எப்போது வருகிறது என்று கவனித்தீர்களா? பலருக்கு அது வேலை முடிந்து மதுக்கடையைத் தாண்டுகிற நேரம். பசி, கோபம், தனிமை, களைப்பு, இந்த நாலில் ஒன்றாவது அப்போது கூட இருக்கும். கிளம்பும் முன் ஏதாவது சாப்பிடுங்கள். இரண்டு ரொட்டி போதும். வேறு பாதையில் வாருங்கள். ஆசை அலைபோல எழும்பும், பெரும்பாலும் அரை மணிக்குள் தணிந்துவிடும். அந்த அரை மணி நேரத்தில் யாருக்காவது போன் செய்து பேசிக்கொண்டே இருங்கள். தூக்கம் கெடுவது இன்னும் சில மாதம்கூட நீடிக்கலாம், அதைக் கண்டு பயப்படாதீர்கள். ஆசையைக் குறைக்க மருந்துகளும் உண்டு, மருத்துவரிடம் கேளுங்கள். (இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு: தினமும் நிறையக் குடிப்பவர் தானாகத் திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். மருத்துவரைப் பார்த்துவிட்டு நிறுத்துங்கள்.)

மச்சான் கோபித்துக்கொண்டால் கோபிக்கட்டும். கரி அடுப்பைச் சுற்றி ஆளுக்கொரு கேனும் கோக்கும் பிடித்து நிற்கிற இடம் இப்போது உங்களுக்கு ஆகாது. ‘நான் குடியை விட்டிருக்கிறேன், கொஞ்ச நாள் வரமாட்டேன், ஞாயிற்றுக்கிழமை நீங்கள் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வாருங்கள்’ என்று நேராகச் சொல்லுங்கள்.

என் கவலை டிசம்பர். நடுவில் தொழிற்சாலையை மூடுவார்கள், போனஸ் வரும், மூன்று வாரம் வேலை இருக்காது, ஊரே கடற்கரையில் குடித்துக்கொண்டிருக்கும். இப்போதே ஒரு காகிதத்தில் நாள்வாரியாக எழுதுங்கள்: எந்த நாளில் எந்தக் கூட்டம், எந்தக் காலையில் கோயில், எந்த மாலையில் பிள்ளைகளோடு. போனஸ் வந்த அன்றே மனைவி கையில் கொடுங்கள். 1956-இலிருந்து குடிநோயாளிகளுக்காக வேலை செய்கிற சான்கா அமைப்புக்கு டர்பனிலும் கிளை உண்டு, அங்கே போய் இலவச ஆலோசனை கிடைக்குமா என்று விசாரியுங்கள். ஒருவேளை தவறிக் குடித்துவிட்டால் மறைக்க வேண்டாம். அன்றிரவே அந்த அண்ணனுக்குப் போன், மறுநாளே கூட்டம். ‘எல்லாம் போயிற்று, இனி எதற்கு’ என்று இன்னொரு கிளாஸ் ஊற்ற வேண்டாம்.

ஜனவரியில் தொழிற்சாலை திறந்ததும் எழுதுங்கள். காத்திருப்பேன்.

அன்புடன்,
அக்கா