ஆறு நேரம் தவறும்போது: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஆண்டு மழையளவு பெரிதாகக் குறையாத பகுதிகளிலும், காலநிலை மாற்றத்தால் ஆற்றங்கரை மக்கள் பாதிக்கப்படுவதாகச் சொல்கிறார்களே, அது எப்படி?

பதில்: ஆற்றை நம்பி வாழ்பவர்களுக்கு, ஓர் ஆண்டில் மொத்தம் எவ்வளவு நீர் வந்தது என்பதைவிட, அது எந்த மாதத்தில், என்ன வேகத்தில் வந்தது என்பதே முக்கியம். வெப்பநிலை 1 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால், காற்றில் தங்கக்கூடிய நீராவி ஏறத்தாழ 7 சதவீதம் கூடுகிறது. அதனால் பெய்யும் நாளில் மழை கொட்டித் தீர்க்கிறது. பெய்யாத நாட்களிலோ அதே வெப்பம் மண்ணின் ஈரத்தை உறிஞ்சிவிடுகிறது. கொட்டும் மழையில் பெரும்பகுதி நிலத்துக்குள் இறங்காமல் வழிந்தோடிவிடுவதால், மழை ஓய்ந்த பிறகும் ஊற்றாகக் கசிந்து ஆற்றை ஓடவைக்கும் நிலத்தடி நீர் குறைகிறது. ஆண்டின் மொத்த மழைக் கணக்கைப் பார்த்தால் இந்தக் குறை தெரியாது; விதைக்கும் நேரத்தில் வாய்க்கால் வறண்டும், அறுவடை நேரத்தில் வயல் மூழ்கியும் கிடக்கும்போதுதான் தெரியும்.

பனியாறுகளில் பிறக்கும் ஆறுகள் இன்னும் ஏமாற்றக்கூடியவை. பனி வேகமாக உருகும் ஆண்டுகளில் நீர்வரத்து கூடுகிறது. அதை நம்பிப் பாசனப் பரப்பும் விரிகிறது. உருகுவதற்குப் பனி குறைந்த பின் கோடைகால நீரோட்டம் மீளாமல் இறங்கிவிடுகிறது. பெரு நாட்டின் சாந்தா ஆற்றுக்கு நீர் தரும் பல கிளையாறுகள் நீர்வரத்தின் அந்த உச்சத்தை ஏற்கெனவே தாண்டிவிட்டன.

கேள்வி: ஆறுகளில் மீன்கள் கூட்டங்கூட்டமாகச் செத்து மிதப்பதற்குக் காலநிலை மாற்றம்தான் காரணமா?

பதில்: அது ஒரு காரணம், அதை மட்டுமே காரணமாகச் சொல்வது, நீரை அளவின்றி எடுப்பவர்களைத் தப்பவிடுவதாகும். 0 டிகிரியில் ஒரு லிட்டர் நன்னீரில் 14 மில்லிகிராமுக்கு மேல் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் சுமார் 7.5 மில்லிகிராம்தான் கரையும். மீனின் ஆக்சிஜன் தேவையோ வெப்பத்தோடு கூடிக்கொண்டே போகிறது.

ஆஸ்திரேலியாவின் டார்லிங் ஆற்றில், மெனிண்டி என்னும் ஊரருகே, 2018 டிசம்பரிலும் 2019 ஜனவரியிலும் நடந்தது இதற்குத் தெளிவான சான்று. கடும் வறட்சியில் ஓட்டம் நின்று, தேங்கிய நீர் இரண்டு அடுக்குகளாகப் பிரிந்தது; வெதுவெதுப்பான மேலடுக்கில் பாசி மண்டியது, அடியடுக்கில் ஆக்சிஜன் அற்றுப்போனது. திடீரென வெப்பம் தணிந்தபோது இரண்டு அடுக்குகளும் கலந்து, நீர் முழுவதிலும் ஆக்சிஜன் குறைந்து, மீன்களுக்கு ஒதுங்க இடமே இல்லாமல் போயிற்று. பல பத்தாண்டுகள் வாழ்ந்த பெரிய முர்ரே காட் மீன்கள் உட்பட லட்சக்கணக்கான மீன்கள் மடிந்தன. ஆற்றின் மேற்பகுதியில் மிகுதியாக நீர் எடுக்கப்பட்டதையும் ஆஸ்திரேலிய அறிவியல் கழகத்தின் ஆய்வு காரணமாகச் சுட்டிக்காட்டியது. அந்த ஆற்றோடு தலைமுறை தலைமுறையாகப் பிணைந்து வாழும் பார்க்கிஞ்சி பூர்வகுடி மக்களுக்கு இது பெரும் துயரம். 2023 மார்ச்சில், வெள்ளம் வடிந்த பின் வந்த வெயிலில், அதே இடத்தில் இன்னும் அதிகமான மீன்கள் இறந்தன.

கேள்வி: கரையோர மக்கள் தாங்களே செய்யக்கூடியது ஏதாவது உண்டா?

பதில்: உண்டு. சிற்றாறுகளின் கரையில் நிழல் மரங்கள் வளர்த்தாலே கோடையில் நீரின் வெப்பம் கணிசமாகத் தணியும். நீர்மட்டத்தையும் வெப்பத்தையும் ஊராரே குறித்து வரலாம். ஆக்சிஜனை அளப்பதாக இருந்தால், அது மிகவும் தாழும் விடியலுக்குச் சற்று முன் அளக்க வேண்டும், நண்பகல் அளவு நிலைமையை நல்லதாகவே காட்டும்.

வெள்ளத்தைப் பொறுத்தவரை, கரையை உயர்த்திக்கொண்டே போவதைவிட ஆற்றுக்கு இடம் விடுவதே மேல் என்பது என் கருத்து. நெதர்லாந்தில் 30-க்கும் மேற்பட்ட இடங்களில் அதைச் செய்தார்கள். அங்கே ஓவர்டீப் என்ற தாழ்நிலப் பகுதியின் உழவர்கள், வெள்ளம் எங்கள் நிலத்துக்குள் வரட்டும், எங்கள் வீடுகளையும் தொழுவங்களையும் மேடுகளில் கட்டித் தாருங்கள் என்று தாங்களே திட்டம் வகுத்து அரசிடம் கொடுத்தார்கள். அது அவ்வாறே நிறைவேறியது. ஆனாலும் அங்கிருந்த எல்லாக் குடும்பங்களுக்கும் மேட்டில் இடம் கிடைக்கவில்லை. இத்தகைய திட்டம் உங்கள் பகுதிக்கு வந்தால், இடம்பெயர வேண்டியவர் யார், அவருக்கு என்ன ஈடு, எப்போது தரப்படும் என்பதைத் திட்டம் தொடங்குவதற்கு முன்பே எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.