வீட்டுக்கு ஒரு ஐபி முகவரி கிடைக்குமா?

கேள்வி: பெங்களூரு ராமமூர்த்தி நகரில் 1,800 வீடுகளுக்கு பிராட்பேண்ட் கொடுக்கிறோம். எங்களுக்கு இணைய இணைப்பு தரும் அப்ஸ்ட்ரீம் நிறுவனம் தந்த ஒரு /24-இல்தான், அதாவது 256 முகவரிகளில்தான், எல்லாம் ஓடுகிறது. சொந்தமாக ஐபிவி4 (பழைய வகை ஐபி) முகவரிகள் வாங்கினால் வீட்டுக்கு ஒன்று கொடுக்கலாமா?

பதில்: முடியாது. புதிதாக வருபவருக்கு அதிகபட்சம் ஒரு /23, அதாவது 512 முகவரிகள்தான். உலகப் பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரியிலேயே தீர்ந்துவிட்டது. அப்போது ஆசிய-பசிபிக் பகுதிக்கு முகவரி ஒதுக்கும் ஏப்னிக் பதிவகத்துக்கு வந்த கடைசித் தொகுதி 103-இல் தொடங்குவது. அதிலிருந்து முதலில் ஆளுக்கு 1,024 வரை கொடுத்தார்கள். 2019-இல் அதைப் பாதியாக்கினார்கள். பின்னால் வருகிறவர்களுக்கும் கொஞ்சம் மிஞ்ச வேண்டுமே, அது சரியான முடிவுதான்.

இந்தியாவில் நிக்சி என்ற இணையப் பரிமாற்ற அமைப்பின் கீழ் இயங்கும் முகவரிப் பதிவகமான ஐரின் வழியாக விண்ணப்பிக்கலாம். ஏஎஸ் எண் (இணையத்தில் உங்கள் நெட்வொர்க்கின் அடையாள எண்), /23, புதிய வகை முகவரியான ஐபிவி6-இல் ஒரு /32 மூன்றையும் சேர்த்தே கேளுங்கள். "எதிர்கால விரிவாக்கம்" என்று மொட்டையாக எழுதாமல், எந்த ரூட்டருக்கு எத்தனை முகவரி, ஓராண்டில் எத்தனை இணைப்பு என்று கணக்குக் காட்டுங்கள். வெளியில் விலைக்கு வாங்குவதானால், 103 தொகுதி முகவரி ஒதுக்கப்பட்டு 5 ஆண்டு ஆகாமல் கைமாற்ற முடியாது என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்பேம் தடுப்புப் பட்டியலில் இருக்கிறதா என்பதையும் பணம் கொடுக்கும் முன்பே சோதியுங்கள்.

வீடுகளுக்கு சிஜிநாட் போடுங்கள், அதாவது பல வீடுகள் ஒரே பொது முகவரியைப் பகிரும் முறை; உள்ளே வீடுகளுக்கு 100.64.0.0/10 தொகுதி முகவரிகள். ஒரு பொது முகவரியில் 1024 முதல் 65535 வரை 64,512 போர்ட் (இணைப்புகளைப் பிரித்தறியும் எண்) உண்டு. 64 வீடுகளுக்குப் பிரித்தால் வீட்டுக்கு 1,008. உங்கள் 1,800 வீடுகளுக்கு 29 முகவரி போதும்; ஒரு /27 (32 முகவரி) ஒதுக்கிவிடுங்கள். மீதியிலிருந்து ஸ்டாட்டிக் ஐபி கேட்கும் அலுவலகங்களுக்குக் கொடுக்கலாம். ஐபிவி6-ஐயும் அதே நாளில் ஓடவிட்டால் யூடியூப் போன்ற கனமான போக்குவரத்து சிஜிநாட் வழியே வராமலே போய்விடும்.

பலர் இடறுவது ஆர்ஓஏ-வில், அதாவது இந்த முகவரிகளை இந்த ஏஎஸ் எண் அறிவிக்கலாம் என்று சொல்லும் கையொப்பமிட்ட பதிவில். /23-க்கு மட்டும் ஆர்ஓஏ போட்டு, நெட்வொர்க்குகள் ஒன்றுக்கொன்று வழி சொல்லும் பிஜிபி-யில் இரண்டு /24-ஆகப் பிரித்து அறிவித்தால் அவை 'இன்வேலிட்' ஆகும். ஆர்பிகேஐ முறையில் இந்தப் பதிவுகளைச் சோதிக்கும் நெட்வொர்க்குகள் தூக்கி எறிந்துவிடும். எதை அறிவிக்கிறீர்களோ அதற்கெல்லாம் தனித்தனியாக ஆர்ஓஏ போடுங்கள். /24-ஐவிடச் சிறிதாக உடைக்காதீர்கள், யாரும் ஏற்க மாட்டார்கள்.

போர்ட் தொகுதியை வீட்டுக்கு வீடு நிலையாக ஒதுக்கினால் சிஜிநாட் எழுதும் இணைப்புப் பதிவு (லாக்) வெகுவாகக் குறையும். ஆனால் எந்த வீட்டுக்கு எந்தத் தொகுதி, எப்போதிலிருந்து என்ற பதிவைப் பத்திரமாக வைத்திருங்கள். விசாரணைக்கு வரும் கடிதத்தில் ஐபி மட்டும் இருந்தால் 64 வீடுகளில் எது என்று சொல்ல முடியாது. சோர்ஸ் போர்ட்டையும் நேரத்தையும் கேட்டு வாங்குங்கள்.