புராஜெக்ட் நிர்வாக வேலை என்றால் என்ன? அதில் எப்படி நுழைவது?

ஒரு திட்டத்தின் தேதிகள், ஆவணங்கள், பில்கள், கூட்டக் குறிப்புகள் எல்லாவற்றையும் ஒழுங்காக வைத்திருப்பவர்தான் புராஜெக்ட் அட்மினிஸ்ட்ரேட்டர். குழுவாகச் சுற்றுலா போகும்போது எங்கே போவது என்று ஒருவர் முடிவெடுப்பார். டிக்கெட், அறை, செலவுக் கணக்கு எல்லாம் இன்னொருவர் கையில் இருக்கும். அந்த இன்னொருவர்தான் இவர்.

சரி, இதற்கென்று தனியாக ஓர் ஆள் எதற்கு? திறமையான குழுவும் சின்ன விஷயங்களில் தடுமாறிவிடும். "வரைபடத்தை மாற்றிவிடலாம்" என்று கூட்டத்தில் எல்லோரும் தலையாட்டிவிட்டுக் கலைந்துபோவார்கள். யார் மாற்றுவது, எதற்குள் மாற்றுவது? நல்ல குறிப்பில் செய்ய வேண்டியது, செய்பவர் பெயர், கெடு மூன்றும் ஒரே வரியில் இருக்கும். கெடுவுக்கு முந்தின நாள் அவருக்கு ஒரு நினைவூட்டலும் போயிருக்கும். என்னைக் கேட்டால், இந்தப் பழக்கம் படிந்துவிட்டாலே பாதி வேலை கைவந்த மாதிரி.

எக்செல் நன்றாகத் தெரிய வேண்டும், மின்னஞ்சலைச் சுருக்கமாக எழுத வரவேண்டும். அப்புறம் சான்றிதழ். திட்ட மேலாண்மைக்கான சர்வதேச அமைப்பான பிஎம்ஐ (PMI) நடத்தும் சிஏபிஎம் (CAPM) என்ற தொடக்கநிலைச் சான்றிதழ் தேர்வுக்குப் பள்ளிப் படிப்பும் 23 மணி நேரத் திட்ட மேலாண்மைப் பயிற்சியும் போதும். முன் அனுபவம் கேட்பதில்லை. அதே அமைப்பின் பிஎம்பி (PMP) என்ற மேல்நிலைச் சான்றிதழுக்கு, திட்டங்களை நடத்திய சில ஆண்டு அனுபவம் வேண்டும். எனவே புதிதாக வருபவர்கள் அதை இப்போதைக்குத் தள்ளிவைக்கலாம்.

இதை வெறும் தட்டச்சு வேலை என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் செலவு எகிறுவதும் தேதி தள்ளிப்போவதும் பெரும்பாலும் முதலில் தெரிவது இவர் பராமரிக்கும் பட்டியலில்தான், அதை மேலாளரிடம் உடனே எடுத்துச் சொல்வதும் இவர் பொறுப்பு.