இரண்டாயிரம் ரூபாய்க்குள் அமெதிஸ்ட் மாலை: கல்லைவிட கம்பியைக் கவனியுங்கள்

ஈரோட்டிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். கண்காட்சியில் பார்த்த அமெதிஸ்ட் என்கிற ஊதாக் கல் மணி மாலையும் கம்மலும் நாலாயிரத்து ஐநூறு சொன்னார்களாம். அதே மாதிரி வீட்டில் இரண்டாயிரத்துக்குள் செய்ய முடியுமா, பற்றவைக்கத் தெரியாதே, கல் ஒரிஜினலா என்று எப்படிப் பார்ப்பது, கவரிங் போட்டால் காது புண்ணாகிறது, அதற்கு என்ன வழி என்கிறார்.

தாராளமாகச் செய்யலாம், பற்றவைப்பே தேவையில்லை. ஆனால் கல் நகை என்றதும் ஆசைப்பட்டுப் பட்டை தீட்டிய கல்லை வாங்கிவிடாதீர்கள். அதை உலோகத்தில் பதிப்பது ஆசாரி வேலை, கருவியும் நெருப்பும் பல வருடக் கைப்பழக்கமும் கேட்கும். உங்களுக்கு வேண்டியது துளை போட்டு, நூலில் கோர்த்து விற்கிற மணிச் சரம். துளை போடுவதை மட்டும் வீட்டில் முயற்சி செய்யவே வேண்டாம், வீடியோவில் யாராவது ட்ரில் மிஷினை வைத்து அலட்சியமாகப் போட்டுக் காட்டினாலும் சரி. அமெதிஸ்ட், அகேட், ரோஸ் குவார்ட்ஸ் எல்லாமே அடிப்படையில் சிலிக்கா. அந்தத் தூள் மூச்சில் போய்க்கொண்டே இருந்தால் வருவது சிலிக்கோசிஸ் என்கிற நுரையீரல் நோய். குஜராத்தின் கம்பாத்தில் தலைமுறைகளாக அகேட் மணி செய்கிறவர்களை வாட்டுவது அந்த நோய்தான். உங்கள் ஊர்ப் பக்கம் சென்னிமலையை அடுத்த கொடுமணலில் ஈராயிரம் ஆண்டுக்கு முன்பே சூதுபவளத்தையும் குவார்ட்ஸையும் மணியாக்கித் துளை போட்டிருக்கிறார்கள். அந்தப் பெருமையெல்லாம் இருக்கட்டும், நாம் துளை போட்டதையே வாங்குவோம்.

சரம் பொதுவாக 15 அங்குலம், அதாவது 38 செ.மீ. 8 மி.மீ. மணி என்றால் ஒரு சரத்தில் ஏறக்குறைய 47 இருக்கும். கழுத்துக்குச் சாதாரணமாக 18 அங்குலம், 45 செ.மீ. வேண்டும். ஒரு சரம் போதாதே என்று இரண்டாவது சரம் வாங்கும்போதுதான் பட்ஜெட் உடைகிறது. பின்கழுத்துக்குக் கல் எதற்கு, முடியும் ஜாக்கெட்டும் மறைக்கிற இடம் அது. 43 மணியைக் கோர்த்தால் 34 செ.மீ. சொச்சம் வரும், இரண்டு பக்கமும் நாலரை செ.மீ. சங்கிலி, கொக்கிக்கு இரண்டு செ.மீ., கணக்கு முடிந்தது. மிச்சமாகிற நாலு மணியில் கம்மல். ஒரே சரத்தில் செட்டே வந்துவிடும். சங்கிலிக்குப் பதில் பட்டு நூல் நகைக்குப் போடும் டோரி கயிற்றைப் போட்டால் இன்னும் மலிவு, கழுத்தளவையும் கூட்டிக் குறைக்கலாம்.

அமெதிஸ்ட் சரம் தரத்தைப் பொறுத்துச் சில நூறிலிருந்து ஆயிரத்தைத் தாண்டியும் போகும். ரொம்ப அடர்ந்த ஊதா வேண்டாம், நடுத்தர நிறம் எடுங்கள், எழுநூறு எண்ணூறுக்குள் நல்லதே கிடைக்கும். கடையில் சரத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இயற்கை அமெதிஸ்டில் நிறம் சீராக இருக்காது, ஒரு மணி வெளிறி இருக்கும், பக்கத்து மணியில் ஊதா ஒரு ஓரமாகத் திட்டாய் ஒதுங்கி நிற்கும். நாற்பத்தேழும் அச்சில் வார்த்த மாதிரி ஒரே நிறமாக, உள்ளே குட்டி உருண்டைக் குமிழிகளோடு இருந்தால் கண்ணாடி. துளையைச் சுற்றியும் விரிசலுக்குள்ளும் மட்டும் நிறம் கெட்டியாகத் தெரிந்தால் சாயம் ஏற்றியது. வீட்டுக்கு வந்து நெயில் பாலிஷ் ரிமூவரைப் பஞ்சில் தொட்டு ஒரு மணியைத் துடைத்தால் பல சாயங்கள் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். ஆய்வகத்தில் வளர்த்த அமெதிஸ்டை மட்டும் வீட்டில் கண்டுபிடிக்க வழியில்லை, இந்த விலைக்கு அதைப் பற்றிக் கவலைப்படவும் வேண்டாம்.

அங்கேயே ‘டர்க்காய்ஸ்’ என்று நீலச் சரம் சல்லிசாக நீட்டுவார்கள், பெரும்பாலும் ஹவ்லைட் மாதிரி வெள்ளைக் கல்லில் சாயம் ஏற்றியதாக இருக்கும். ஓபலைட், செர்ரி குவார்ட்ஸ், மினுமினுக்கிற கோல்ட்ஸ்டோன் மூன்றும் கண்ணாடிதான். அழகுக்காக வாங்குங்கள், கல் விலை கொடுக்காதீர்கள்.

இனி கம்பி. வீட்டில் செய்த மாலை அறுந்தால் பெரும்பாலும் நூல்தான் காரணம். துளையின் விளிம்பு கூராக இருக்கும், நைலான் நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்துக்கொண்டே இருக்கும். அதனால் கியர் வயர் வாங்குங்கள், மெல்லிய எஃகு இழைகளை முறுக்கி மேலே பிளாஸ்டிக் பூசியது. 0.38 மி.மீ. தடிமன் இந்த மாலைக்குப் போதும். முடிச்சுப் போடக் கூடாது, கியர் லாக் என்கிற குட்டி உலோகக் குழாயை நசுக்கித்தான் பூட்ட வேண்டும். மாலை நீளத்தைவிட 15 செ.மீ. கூடுதலாக வெட்டி, கியர் லாக்கைக் கோர்த்து, சங்கிலியின் கடைசி வளையத்துக்குள் விட்டு, வந்த வழியே லாக்குக்குள் திருப்பி, சின்ன வளைவு விட்டு பிளையரால் அழுத்துங்கள். மிச்ச வாலை இரண்டு மூன்று மணிக்குள் செருகிய பிறகுதான் வெட்ட வேண்டும், இல்லாவிட்டால் கழுத்தில் குத்தும். மறுமுனையைப் பூட்டும் முன் மாலையை மேஜையில் கழுத்து மாதிரி வளைத்து வையுங்கள். நேராக இருக்கும்போது இறுக்கி இழுத்துப் பூட்டினால் வளையும்போது மணிகள் ஒன்றையொன்று நெம்பி, மாலை விறைத்துக்கொண்டு நிற்கும். இரண்டு மூன்று மி.மீ. இடைவெளி விடுங்கள்.

கருவி மூன்றே மூன்று: வட்ட மூக்கு பிளையர், கூர்மூக்கு பிளையர், கட்டர். சாதாரண ரகம் மூன்றும் ஐநூறுக்குள் அடங்கும். கொக்கி, ஜம்ப் ரிங் என்கிற இணைப்பு வளையம், ஹெட் பின் என்கிற ஒரு முனையில் தலை உள்ள கம்பி எல்லாவற்றையும் சென்னை சவுகார்பேட்டை மாதிரி மொத்த விலைக் கடைகளிலோ ஆன்லைனிலோ பாக்கெட்டாக வாங்கலாம், ஆனால் வாங்கியதும் ஃப்ரிட்ஜ் காந்தத்தைக் காட்டிப் பாருங்கள். ஒட்டினால் உள்ளே இரும்பு, நம் ஊர் வியர்வைக்குச் சீக்கிரம் துருப்பிடிக்கும். பித்தளை வாங்குங்கள்.

கம்மலுக்கு ஹெட் பின் இரண்டு அங்குல நீளம் எடுங்கள், ஒரு அங்குலம் பத்தாது. காதுக்கு இரண்டு மணி வீதம் கோர்த்து, மணிக்கு மேலே 2 மி.மீ. விட்டுப் பின்னைச் செங்கோணமாக மடக்குங்கள். அந்த மடிப்பில் வட்ட மூக்கை வைத்துக் கம்பியை மேலாகச் சுற்றிக் கொண்டுவந்தால் வளையம் வரும். அந்த வளையத்துக்குள் காது கொக்கியை இப்போதே மாட்டிவிடுங்கள், அப்புறம் மாட்ட முடியாது. வளையத்தைக் கூர்மூக்கால் தட்டையாகப் பிடித்து, மிச்சக் கம்பியை விட்டு வைத்த அந்த 2 மி.மீ. இடத்தில் நெருக்கமாக மூன்று சுற்று சுற்றி வெட்டிவிடுங்கள். சுற்றாமல் வளையமாக மட்டும் மடக்கினால் துப்பட்டாவில் ஒருமுறை சிக்கினாலே வாய் திறந்துகொண்டு மணி விழும். முதல் நாலைந்து கோணலாகத்தான் வரும், வீணாகப் போவது பின் மட்டும், கல்லுக்கு ஒன்றும் ஆகாது.

எலாஸ்டிக் பிரேஸ்லெட் எல்லாவற்றிலும் சுலபம் என்பார்கள், எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை, எலாஸ்டிக் தளர்ந்தே தீரும். போடுவதானால் கோர்க்கும் முன் நன்றாக இழுத்துவிட்டுக் கோருங்கள், முடிச்சில் ஃபெவிக்விக் மாதிரிப் பசை வேண்டாம், எலாஸ்டிக் விறைத்து ஒடியும், கல் மேலும் வெள்ளையாகப் படியும்.

காது விஷயத்துக்கு வருகிறேன். கவரிங்கில் காது புண்ணாவதற்குப் பெரும்பாலும் நிக்கல்தான் காரணம். காதுத் துளைக்குள் போகிற கொக்கியை மட்டும் 92.5 வெள்ளியில் வாங்குங்கள், தொங்குகிற பகுதி பித்தளையாகவே இருக்கலாம். ஒரு ஜோடிக் கொக்கிக்கு வெள்ளி ரொம்பக் கொஞ்சம்தான் பிடிக்கும், செலவு பெரிதாகாது. வெள்ளி முலாம் பூசியது வேண்டாம், முலாம் தேய்ந்தால் பழைய கதைதான். வெள்ளியிலும் புண்ணானால் கம்மல் போடுவதை நிறுத்திவிட்டுத் தோல் மருத்துவரைப் பாருங்கள். அப்புறம், மாலையை ஜன்னலோரம் தொங்கவிட வேண்டாம், நீண்ட நாள் வெயில் பட்டால் அமெதிஸ்ட் வெளிறும்.